நட்பின் கையில் கடிவாளம்

நட்பைப் போற்றாத இலக்கியப் பரப்பு தமிழில் இல்லை. வடக்கிருந்த கோப்பெருஞ்சோழனைத் தேடிவந்து உடன் உயிர்விட்ட பிசிராந்தையார் முதல், பாரி மறைந்தபின் அவன் மகளிரைப் பாதுகாக்கும் பொறுப்பைத் தோளில் ஏற்ற கபிலர் வரை, நண்பனுக்காக எதையும் இழக்கத் துணிந்தோரின் வரிசை நம் முன் நிற்கிறது. வள்ளுவர் இப்பொருளுக்கு ஐந்து அதிகாரங்களை ஒதுக்கினார். நட்பு, நட்பாராய்தல், பழைமை என மூன்றோடு அவர் நிறுத்தவில்லை. தீ நட்பு, கூடா நட்பு என இரண்டையும் சேர்த்தே வைத்தார். நட்பு என்ற பெயரைத் தாங்கிய யாவும் நட்பாகிவிடாது என்பதை அவர் அறிந்திருந்தார் அன்றோ? ஆயினும் நம் கதைகள் ஒரு கேள்வியை அரிதாகவே கேட்டிருக்கின்றன. இரு நண்பர்களுள் ஒருவன் கொடுப்பவனாகவும் மற்றவன் பெறுபவனாகவுமே என்றென்றும் இருப்பானாயின், பெறுபவன் காட்டும் விசுவாசத்தை நட்பென்பதா, கடனென்பதா?

இக்கேள்வியை நாம் இப்போது எழுப்பக் காரணம் உண்டு. இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் வடசென்னைக் கடற்கரையும் அதையொட்டிய தொழிற்பகுதியும் அண்மைக் காலத்தில் தமிழ்க் கதையுலகின் நடுமேடைக்கு வந்திருக்கின்றன. 2014இல் பா. இரஞ்சித்தின் 'மெட்ராஸ்', 2018இல் வெற்றிமாறனின் 'வடசென்னை', 2021இல் மீண்டும் இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' என மூன்று திரைக்கதைகள் வந்தன. மூன்றிலும் உயிர்நாடியாக இருப்பது ஆண்களுக்கிடையே உள்ள நட்பும் விசுவாசமும்தான். இலக்கியத்துக்கென அமைந்த பக்கங்களில் திரைப்படத்துக்கு என்ன வேலை என்று பெரியவர்கள் சிலர் கேட்கக்கூடும். அவர்களுடைய தயக்கம் நமக்குப் புரிகிறது. ஆனால் நம் பிள்ளைகள் நட்பின் இலக்கணத்தை இன்று நூலில் படிப்பதை விடத் திரையில் படிப்பதே அதிகம். அவர்கள் படிக்கும் பாடம் இன்னதென்று பெற்றோர் அறியாதிருப்பது பேணுதலாகாது. கதை எவ்வடிவில் வந்தாலும் கதையே. அதை எடைபோடும் தராசும் ஒன்றே.

முதலில் அந்த மண்ணைப் பற்றிச் சில சொற்கள். 1856இல் தென்னகத்தின் முதல் இரயில் நிலையம் இராயபுரத்தில் திறக்கப்பட்டது. துறைமுகமும் ஆலைகளும் இரயிலடியும் வந்த வழியே பல ஊர்களிலிருந்தும் உழைப்பாளிகள் வந்து குடியேறினர். துறைமுகக் கூலி வேலை நெடுங்காலம் அன்றாடங்காய்ச்சி வேலையாகவே இருந்தது. கப்பல் வந்தால் வேலை; வராவிட்டால் பட்டினி. வந்த கப்பலிலும் யாருக்கு வேலை என்பதை மேஸ்திரியின் தலையசைப்பே தீர்மானித்தது. இந்நிலையை மாற்றி, தொழிலாளரைப் பதிவு செய்து வேலையை முறைப்படுத்துவதற்காக 1948இல் துறைமுகத் தொழிலாளர் சட்டம் பிறந்தது. தனிமனிதரின் தயவு இருந்த இடத்தில் பதிவேட்டை வைக்க முயன்ற சட்டம் அது. பின்னர் 1983இல் சரக்குப்பெட்டக முனையம் வந்தது. நூறு தோள்கள் சுமந்ததை ஒரு பாரந்தூக்கி சுமக்கத் தொடங்கியது.

இதை நாம் சொல்வது வரலாறு கற்பிக்க அன்று. சோறு ஒரு மனிதரின் கையசைவில் தொங்கும் இடத்தில், அந்த மனிதரிடம் காட்டும் விசுவாசம் குணத்தின் சிறப்பாக மட்டும் இருப்பதில்லை. அது பிழைப்பின் நிபந்தனையாகவும் ஆகிவிடுகிறது. 'அண்ணன்' என்ற சொல் அங்கே உறவுப் பெயராகவும் இருக்கிறது, பதவிப் பெயராகவும் இருக்கிறது. இவ்விரண்டும் எங்கே பிரிகின்றன என்று பார்ப்பதே இக்கதைகளை ஆராயும் வழி.

இத்தகைய நட்புக்குத் தமிழில் மூலபாடம் வில்லிபுத்தூராரின் கர்ணன். படைக்கலப் பயிற்சியின் அரங்கேற்றத்தில், குலம் எது என்ற கேள்வியால் தலைகுனிந்து நின்றவனை அங்கநாட்டு அரசனாக்கி அருகில் அமர்த்திக்கொண்டான் துரியோதனன். அன்று தொடங்கிய நட்பு குருக்ஷேத்திரக் களத்தில் கர்ணனின் உயிரோடு முடிந்தது. இடையில் பெற்ற தாயே வந்து அழைத்தாள், அவன் அசையவில்லை. செஞ்சோற்றுக் கடன் என்னும் சொல்லாட்சி அவனோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டது. 1964இல் வந்த 'கர்ணன்' திரைப்படம் அச்சொல்லைத் தமிழகத்தின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டுசேர்த்தது.

வில்லியாரின் பாரதத்தில் வரும் மேகலை நிகழ்ச்சியை நட்பின் உச்சமாகப் பலரும் எடுத்துக்காட்டுவர். துரியோதனன் மனைவியோடு கர்ணன் தனியிடத்தில் ஆடிக்கொண்டிருக்க, அவளுடைய மேகலை அறுந்து மணிகள் சிதறுகின்றன. அவ்வேளையில் உள்ளே வந்த துரியோதனன் சிறிதும் ஐயுறாமல், சிதறிய மணிகளைப் பொறுக்கித் தரவா, கோத்துத் தரவா என்று கேட்கிறான். உயர்ந்த காட்சி, மறுப்பதற்கில்லை. ஆனால் அக்காட்சியில் ஐயுறும் உரிமை யாருக்கு இருந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஐயுற்றிருந்தால் கர்ணனின் தலை உருண்டிருக்கும். ஐயுறாததால் அவன் என்றென்றைக்கும் கடன்பட்டவன் ஆனான். நம்பிக்கையும்கூட மேலிருந்து கீழே அளிக்கப்பட்ட கொடையாகவே வந்தது. மன்னிக்கும் அதிகாரம் ஒருவனிடமே இருக்கையில், அவன் காட்டும் பெருந்தன்மை அன்பாக இருக்கும்போதே விலங்காகவும் ஆகிவிடுகிறது. துரியோதனன் அப்படி எண்ணிச் செய்தான் என்று நாம் கூறவில்லை. எண்ணாமலேயே அப்படி ஆகிவிடும் என்பதுதான் இதில் அஞ்சத்தக்கது.

ஆகவே, ஏற்றத்தாழ்வுள்ள நட்பை அளக்க மூன்று கேள்விகள் போதும் என்பது நம் கருத்து. தாழ்ந்த இடத்தில் இருப்பவன் 'மாட்டேன்' என்று சொல்லிவிட்டு நண்பனாகவே நீடிக்க முடியுமா? உயர்ந்த இடத்தில் இருப்பவன் தான் செய்யப்போவதின் முழு உண்மையையும் மற்றவனுக்குச் சொல்கிறானா? விளைவு வரும்போது விலையைக் கொடுப்பவன் யார்?

'மெட்ராஸ்' கதையை இக்கேள்விகளோடு அணுகுவோம். வியாசர்பாடிக் குடியிருப்பில் வாழும் காளி அலுவலக வேலை பார்ப்பவன். அவன் உயிர்த்தோழன் அன்பு, மாரி என்னும் அரசியல்வாதியின் தொண்டன். குடியிருப்பின் பெருஞ்சுவர் ஒன்று யாருக்கு உரியது என்பதே பூசல். எதிர்க்கட்சியார் தம் தலைவரின் உருவத்தை அதில் தீட்டி வைத்திருக்கின்றனர். அதை மீட்பது அன்புக்கு இலட்சியம். அன்புவைக் காக்கப்போய்க் காளியின் கையில் ஒரு கொலை நேர்கிறது. அதன் பழிக்கு அன்பு பலியாகிறான். பின்னரே, அன்பு உயிராய் நம்பிய மாரி எதிரியோடு கைகோத்தவன் என்பது வெளியாகிறது. இங்கே இரண்டு நட்புகள் ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்கின்றன. மாரி அன்புவை இழுக்கிறான். அன்பு காளியை இழுக்கிறான். மாரிக்கு விலை ஏதும் இல்லை. அன்புக்கு உயிர் விலை. காளிக்கு அதுவரை கட்டிவந்த வாழ்வே விலை.

'வடசென்னை' இன்னும் ஆழமாகத் தோண்டுகிறது. மீனவக் குப்பத்தின் காவலனாக நின்ற ராஜன் என்பவனை அவன் நிழலில் வளர்ந்தவர்களே ஓர் உணவுக் கடையில் வைத்துக் கொல்கின்றனர். செஞ்சோற்றுக் கடனைப் பாடிய மொழியில், சோறு போடும் இடத்திலேயே அந்தக் கடன் வெட்டித் தீர்க்கப்படுவதாகக் கதை தொடங்குவது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் பொருள் பொதிந்தது. அவர்கள் ஏன் கொன்றனர்? ராஜன் கொடியவன் அல்லன். தன் மக்களின் நிலத்துக்காக நின்றவன். ஆனால் அவனிடம் அவர்கள் என்றும் ஆட்களாகவே இருந்தனர். கண்டித்தால் வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள், கேள்வி கேட்க இயலாதவர்கள். அவமதிக்கப்பட்டதாக அவர்கள் உணர்ந்தபோது அப்புண்ணைக் கிளறிவிடவும் வெளியே ஆள் இருந்தது. கொலையை நாம் ஒருபோதும் நியாயப்படுத்த மாட்டோம். ஆனால் இல்லை என்று சொல்ல வாய் இல்லாத விசுவாசம் ஒருநாள் கத்தியைப் பேசவைக்கும் என்னும் உண்மையை இக்கதை அஞ்சாமல் காட்டுகிறது.

ராஜனைக் கொன்ற குணாவும் செந்திலும் பின்னர்த் தாமே பகைவராகின்றனர். கேரம் ஆடத் தெரிந்த அன்பு என்னும் இளைஞனை ஓர் இக்கட்டிலிருந்து குணா காப்பாற்றுகிறான். அவ்வுதவிக்கு விலையாக, சிறையில் செந்திலின் நம்பிக்கையைப் பெற்று அவனைத் தாக்கும் வேலை அன்புவின் தலையில் விழுகிறது. குணா அவனிடம் முழு உண்மையையும் சொல்லவில்லை. சொல்லப்படாத அந்த உண்மைதான் கடிவாளம். மெட்ராஸிலும் அன்பு, வடசென்னையிலும் அன்பு! இருவேறு ஆசிரியர்கள், பிறர் கையில் கருவியாகும் இளைஞனுக்கு ஒரே பெயரைச் சூட்டியிருப்பதை வாசகர்கள் கவனிப்பார்களாக.

'சார்பட்டா பரம்பரை'யில் துறைமுகக் கூலியான கபிலன், குத்துச்சண்டை வாத்தியார் ரங்கனிடம் கொண்ட பற்று உயர்வானது. ரங்கன் அவனை ஏமாற்றவில்லை. ஆனால் வாத்தியாரின் மகன் வெற்றிச்செல்வனோடு கபிலன் கொண்ட நட்பில் பொறாமையும் பாசமும் பிரித்தறிய முடியாதபடி கலந்து கிடக்கின்றன. அரங்கத்திலிருந்து சாராயத் தொழிலுக்குக் கபிலன் சரியும்போது அருகில் நிற்பவன் வெற்றியே. சரிவில் கைகோத்து வருவதையும் நட்பென்றே அழைக்கிறோம். மேடேறக் கைகொடுப்பதையும் நட்பென்றே அழைக்கிறோம். தமிழில் இவ்விரண்டுக்கும் ஒரே சொல்லாக இருப்பது நம் துன்பங்களுள் ஒன்று.

இம்மூன்று கதைகளிலும் கடிவாளத்தை முதலில் கண்டுகொள்பவர்கள் பெண்கள். கணவனை ரௌடித்தனத்தில் பறிகொடுத்த கபிலனின் தாய், மகன் கையுறை அணிவதை வெறுக்கிறாள். அவன் மனைவி மாரியம்மா, இழந்துகொண்டிருப்பது இன்னதென்று அவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். 'மெட்ராஸ்' கதையில் அன்புவை இழந்து கதறும் மேரியின் குரல், சுவரைவிட மனிதன் பெரியவன் என்று சொல்லாமல் சொல்கிறது. ராஜனின் கைம்பெண் சந்திராவோ, கொன்றவர்களுள் ஒருவனையே மணந்து, எல்லாவற்றையும் அறிந்தும் ஏதும் அறியாதவள்போல் ஆண்டுகளைக் கடத்துகிறாள். ஆண்களின் நட்புலகில் பெண்ணின் எச்சரிக்கை இடையூறாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. 'பொம்பளைக்கு என்ன தெரியும்' என்ற சொல் எழும் இடத்தில்தான் பெரும்பாலும் உண்மை பேசப்பட்டிருக்கிறது. இதை இக்கதாசிரியர்கள் காட்டியிருப்பது பாராட்டுக்குரியது. ஆனால் அப்பெண்களை ஆண்களின் விதிக்குச் சாட்சிகளாக வைத்த அளவுக்கு, கேள்வி கேட்கும் உரிமையாளர்களாக வளர்க்கவில்லை என்பது குறையே. சந்திராவுக்குக்கூடக் கதை கொடுத்த வழி பழிவாங்கல் ஒன்றுதான்.

இன்னும் பெரிய குறை ஒன்றுண்டு. இக்கதைகளில் மேலே இருக்கும் நண்பன் துரோகி என்று வெளிப்படுவதால் நம் சிக்கல் எளிதாகத் தீர்ந்துவிடுகிறது. மாரி துரோகி, குணா துரோகி, ஆகவே அவர்களைத் துறப்பது அறம். துரோகம் செய்யாதவன் கையில் கடிவாளம் இருந்தால்? துரியோதனன் கர்ணனைக் கடைசிவரை காட்டிக்கொடுக்கவில்லை, உண்மையாகவே நேசித்தான், அந்த நேசத்தாலேயே அவனை அநீதியின் பக்கம் நிறுத்திவைத்தான். கடினமான கேள்வி அதுதான். 'மெட்ராஸ்' கதையின் அன்புவும் காளியும் இக்கேள்வியின் வாசலுக்கே வந்து நின்றனர். அன்புக்குக் காளியின்மீது இருந்த பாசத்தில் கலப்படம் இல்லை. ஆயினும் அவன் இலட்சியத்துக்காகக் காளி எரிந்தான். அன்பு இறந்து தியாகியானதும் கதை அக்கேள்வியைக் கைவிட்டுவிட்டது. இறந்த நண்பனிடம் யார்தான் கணக்குக் கேட்பார்?

இந்த இடத்தில் நம் மார்க்கம் தந்திருக்கும் அளவுகோலை நினைவுகூர்வது பொருந்தும். புனைகதை மாந்தரைப் புனிதர்களோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. எடைக்கல்லை மட்டுமே அங்கிருந்து பெறுகிறோம். அநீதி இழைப்பவனாயினும் இழைக்கப்பட்டவனாயினும் உன் சகோதரனுக்கு உதவு என்ற சொல், அறியாமைக் கால அரபுகளிடம் கண்மூடித்தனமான குலப்பற்றின் முழக்கமாக வழங்கியது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அச்சொல்லையே எடுத்தாண்டு, அதன் உள்ளீட்டை முற்றிலும் மாற்றினார்கள். அநீதி இழைப்பவனுக்கு எவ்வாறு உதவுவது என்று தோழர்கள் வினவியபோது, அவனை அநீதியிலிருந்து தடுப்பதே உதவி என்று விளக்கினார்கள். புகாரி ஷரீபில் பதிவான இந்த அறிவுரையின் முன் கர்ணனின் கடன் எவ்வளவு சிறுத்துப் போகிறது! நண்பனுக்காக வில்லேந்துவது எளிது. நண்பனின் கையைப் பிடித்து நிறுத்துவதே அரிது.

ஹிஜ்ரத் பயணத்தின்போது அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்கள் தாம் வளர்த்து ஆயத்தமாக வைத்திருந்த ஒட்டகத்தை அண்ணலாருக்கு அளிக்க முன்வந்தார்கள். உயிரையே தர ஆயத்தமாயிருந்த தோழரின் அன்பளிப்பு அது. ஆயினும் விலைக்கே பெற்றுக்கொள்வேன் என்று அண்ணலார் (ஸல்) கூறிவிட்டார்கள். அறிஞர்கள் இதற்குப் பல விளக்கங்கள் கூறுவர். நம் பொருளுக்கு வேண்டிய பாடம் தெளிவானது: நெருக்கம் கணக்கை அழித்துவிடாது. அதே அபூபக்ர் (ரலி) பின்னர்க் கலீஃபாவாகப் பொறுப்பேற்ற அன்று, தாம் தவறினால் தம்மைத் திருத்துமாறு மக்களிடம் கேட்டுக்கொண்டார்கள். மேலே இருப்பவர் கடிவாளத்தின் ஒரு முனையைத் தாமே கீழே இருப்பவர் கையில் கொடுத்த காட்சி அது.

திருமறையின் கஹ்ஃபு அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்களும், கிழ்று (அலை) என நாம் அறியும் நல்லடியாரும் சேர்ந்து சென்ற வரலாறு வருகிறது. ஒருவர் அறிந்தவர், மற்றவர் அறிய வந்தவர், ஏற்றத்தாழ்வு வெளிப்படையானது. ஆனால் நிபந்தனை முன்கூட்டியே கூறப்பட்டது. மறுத்துப் பேச மூஸா (அலை) தயங்கவில்லை, மும்முறையும் பேசினார்கள். பிரிவு பகையின்றி நிகழ்ந்தது. பிரியும் முன், நடந்தவை அனைத்தின் உட்பொருளும் சொல்லப்பட்டது. பழுதாக்கப்பட்ட படகு கடலில் பாடுபட்ட ஏழைகளுடையது என்பதையும், நல்ல படகுகளைப் பறிக்கும் அரசனிடமிருந்து அது காக்கப்பட்டது என்பதையும் காசிமேட்டுக் கரையில் நின்று நினைப்பவருக்குத் தனிப் பொருள் தோன்றும். நாம் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் அவ்வரலாற்றில் விடை இருக்கிறது.

இதே வட்டாரத்துக்கு இன்னொரு தோழமை மரபும் உண்டு. தொண்டியிலிருந்து வந்தவர் என்பதால் தொண்டியார் என அழைக்கப்பட்டு, தண்டையார்பேட்டை என்னும் பெயருக்கே காரணமானவர் என்று மக்கள் வழங்கும் குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்கள் 1838இல் மறைந்து இப்பகுதியிலேயே அடங்கினார்கள். அவர்களைச் சூழ முஸ்லிம்களும் இந்துக்களும் மாணாக்கராக இருந்தனர்; சரவணப்பெருமாளையர் அவர்கள்மீது நான்மணிமாலை பாடினார். ஆசானும் மாணாக்கரும் என்ற ஏற்றத்தாழ்வு அங்கும் இருந்தது. ஆனால் உலகைத் துறந்தவருக்கு ஆள் சேர்க்க வேண்டிய தேவை இல்லை. காக்க வேண்டிய சுவரும் இல்லை, கைப்பற்ற வேண்டிய கரையும் இல்லை. மேலானவருக்குத் தன்னலம் இல்லாத இடத்தில் கீழுள்ளவரின் பற்று சுமையாவதில்லை. வடசென்னையைக் கத்தியும் கேரம் பலகையுமாக மட்டும் காணும் கதாசிரியர்கள் இப்பக்கத்தையும் ஒருநாள் எழுதுவார்களாக.

முடிவாக, நம் இல்லங்களை நோக்கி ஒரு சொல். நண்பன் கேட்டான் என்பதற்காகப் படித்துப் பாராமல் ஜாமீன் கையெழுத்திட்ட இளைஞர்கள் எத்தனை பேர்! அண்ணன் சொன்னார் என்பதற்காகக் காரணம் அறியாமல் ஒரு வண்டியை ஓரிடத்தில் கொண்டுபோய் விட்டுவந்தவர்கள் எத்தனை பேர்! அவர்களுள் பெரும்பாலோர் கெட்டவர்கள் அல்லர், விசுவாசிகள். அவர்களை நோக்கி 'அவன் சகவாசத்தை விடு' என்று மட்டும் நாம் கூறினால், நட்பை இழிவுபடுத்துகிறோம் என்றே அவர்களுக்குத் தோன்றும். மாறாக, அந்த மூன்று கேள்விகளைக் கேட்கக் கற்றுக்கொடுப்போம். 'இல்லை என்று அவனிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாயா, தம்பி?' என்று ஒரு தாய் சோறு பரிமாறும்போது கேட்டாலே போதும். மகன் உடனே விடை சொல்லாமல் போகலாம். அக்கேள்வி அவனுடன் தெருமுனை வரை நடந்து செல்லும்.

அநீதியாளன் மறுமை நாளில் தன் கைகளைக் கடித்துக்கொண்டு, இன்னாரை நண்பனாகக் கொள்ளாதிருந்தேனில்லையே என்று வருந்துவான் எனத் திருமறை எச்சரிக்கிறது. அந்த வருத்தம் இம்மையிலேயே, காலம் கடக்கும் முன்பே, வந்துவிடுவது நற்பேறு. நல்ல கதைகள் அதற்கு உதவ வேண்டும். நாம் ஆராய்ந்த கதைகள் பாதி வழி உதவியிருக்கின்றன. மீதிப் பாதியை எழுதப் போகிறவர், துரோகம் செய்யாத துரியோதனனையும், 'மாட்டேன்' என்று சொல்லிவிட்டும் நண்பனாகவே நிற்கும் கர்ணனையும் நமக்குப் படைத்துத் தரட்டும்.